பேட்டரி அடிக்கடி சாகிறதா? பழைய காரில் ஆல்டர்னேட்டர் அளவு மீறிச் சார்ஜ் செய்வதைக் கண்டறியும் முறை

ஜார்ஜ்டவுன் - கார் பேட்டரி செத்துப் போனால் அதற்குச் சார்ஜ் போதவில்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். பேட்டரிக்குத் தேவைக்கு மேல் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, தகடுகள் அரித்து, இரண்டு மூன்று ஆண்டு ஓட வேண்டிய பேட்டரி சில மாதங்களில் கைவிட்டுவிடுகிறது. புது பேட்டரி போட்டால் அதுவும் அதே வழியில் போகிறது.

"அண்ணே, போன தீபாவளிக்குத்தான் மாத்துனேன், அதுக்குள்ள போச்சு" என்று வாடிக்கையாளர் சொல்வதும், "அப்போ டைனமோ போச்சு தம்பி, மாத்திடலாம்" என்று பட்டறையில் பதில் வருவதும் பழகிப்போன பேச்சு. பல நேரங்களில் அந்தப் பதில் சரிதான். ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ரீகோண்ட் ஒன்றை மாட்டி, அதன் பிறகும் பேட்டரி கொதிக்கும் கார்களும் உண்டு. கெட்டது ஆல்டர்னேட்டரா, அதனுள் இருக்கும் ரெகுலேட்டரா, ஒரு மெல்லிய வயரா, பேட்டரியேதானா என்பதைக் கழற்றாமலே சொல்லிவிட முடியும். அதற்குத் தேவை ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரை மணி நேரமும்தான்.

பினாங்கில் இன்னும் பழைய கார்கள் ஏராளம். 1985இல் வந்த புரோட்டோன் சாகா, அதன் வழிவந்த இஸ்வாரா, 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவை செபராங் பிறைத் தோட்டப் பகுதிகளிலும் தீவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அன்றாட வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. நிபோங் திபாலில் இருந்தோ சுங்கை பாக்காப்பில் இருந்தோ அம்மாவை விடியற்காலையில் பெரிய ஆஸ்பத்திரித் தவணைக்குக் கொண்டுவரும் குடும்பத்திற்கு அந்த ஒரு கார்தான் கதி. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவில் அது நின்றுவிட்டால் என்ன பாடு என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் தெரியும் அடையாளங்கள்

அளவு மீறிய சார்ஜ் சத்தம் போடாமல் வரும் கோளாறு. மீட்டர் போர்டில் உள்ள சிவப்பு பேட்டரி விளக்கு, சார்ஜ் வராதபோது எரிவதற்காக வைக்கப்பட்டது. பெரும்பாலான பழைய கார்களில் சார்ஜ் கூடினால் அது எரியாது. எனவே விளக்கு அணைந்திருப்பதை நம்பி எல்லாம் சரி என்று முடிவு செய்யக்கூடாது.

பானெட்டைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது முக்கியமான அடையாளம். மூடி திறக்கக்கூடிய பேட்டரியில் தண்ணீர் மட்டம் மாதத்திற்கு ஒரு முறையாவது கணிசமாக இறங்குவது, பேட்டரியின் மேல்பக்கம் எப்போதும் ஈரமாக இருப்பது, முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூச்சு மீண்டும் மீண்டும் படிவது, பேட்டரி தாங்கியின் பெயிண்ட் உரிந்து துருப்பிடிப்பது எல்லாம் ஆசிட் ஆவி வெளியேறுவதன் தடயங்கள். மூடி இல்லாத எம்.எஃப். வகையில் தண்ணீரைப் பார்க்க முடியாது. அதன் பக்கங்கள் உப்பியிருக்கின்றனவா, சிறிது தூரம் ஓட்டிய பிறகு கை வைக்க முடியாத அளவு சுடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னோர் அடையாளத்தைப் பலர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹெட்லைட் முன்பைவிட வெளிச்சமாக எரிகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் பிரகாசமாகிறது என்று சந்தோஷப்படுவோர் உண்டு. ஆனால் இழை பல்புகளுக்கு மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு என்று ஒன்று மாற்றி ஒன்று பியூஸ் ஆனால், பல்பு கடையைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜை அளப்பது நல்லது.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது

ஆல்டர்னேட்டருக்குத் தானாக அளவு தெரியாது. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற அது அதிக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். சுழலும் ரோட்டார் சுருளுக்குப் போகும் சிறு மின்சாரத்தை நொடிக்குப் பல முறை வெட்டியும் விட்டும், மின்னழுத்தத்தை 14 வோல்ட்டைச் சுற்றி நிறுத்தி வைக்கிறது.

பினாங்கின் வயரிங் கடைகளில் இதை 'கட்அவுட்' என்பார்கள். இந்தப் பெயர் மோரிஸ் மைனர் காலத்தில் இருந்து வந்தது. அப்போதைய கார்களில் டைனமோ இருந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரி மின்சாரம் டைனமோவிற்குள் திரும்பிப் பாயாமல் துண்டிக்கும் ஒரு ரிலே, ரெகுலேட்டர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதுதான் கட்அவுட். ஆல்டர்னேட்டரில் அந்த வேலையை டயோடுகள் செய்கின்றன, ரிலே தேவையில்லை. ஆனாலும் டைனமோ என்ற பெயரும் கட்அவுட் என்ற பெயரும் பட்டறைகளை விட்டுப் போகவில்லை.

தோட்டத்து வீடுகளின் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவைக் குழாயோடு ரெகுலேட்டரை ஒப்பிடலாம். தண்ணீர் ஏறினால் மிதவை உயர்ந்து குழாயை அடைக்கும். தொட்டி வழிகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். குழாய் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது குழாய் நன்றாகவே வேலை செய்ய, மிதவைக் கம்பி வளைந்து, தண்ணீர் நிரம்பிய பிறகும் நிரம்பவில்லை என்று அதற்குப் பொய்த் தகவல் போய்க்கொண்டிருக்கலாம். முதலாவது, கெட்டுப்போன ரெகுலேட்டர். இரண்டாவது, பேட்டரியின் மின்னழுத்தத்தை ரெகுலேட்டருக்குச் சொல்லும் வயரில் உள்ள கோளாறு. வழிவது ஒன்றுபோலத் தெரிந்தாலும் பழுதுபார்க்கும் இடம் வேறு, செலவும் வேறு.

அளப்பதற்கு முன்

மலிவான மல்டிமீட்டரே போதும். ஆனால் அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருந்தால் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நல்ல காரில் 15.6 என்று வந்து, நல்ல ஆல்டர்னேட்டர் கழற்றப்படுவது இப்படித்தான். மீட்டரின் பேட்டரியை முதலில் மாற்றிவிட வேண்டும். புதிய டார்ச் லைட் பேட்டரி ஒன்றை அளந்தால் 1.5 முதல் 1.6 வோல்ட் வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது எண்கள் நிலையில்லாமல் தாவினால், மீட்டரைப் பிளக் வயர்களில் இருந்து தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அளவு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே ஒரு தீப்பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். சிகரெட் கூடாது, லைட்டர் வெளிச்சத்தில் தண்ணீர் மட்டம் பார்க்கக் கூடாது. கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். ஆசிட் பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரின் மேல் சிந்தியதைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இதை ஒருபோதும் செய்யக்கூடாது. டைனமோ காலத்துச் சோதனை அது. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் பேட்டரிதான் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மெத்தை. அதை ஓட்டத்தில் பிடுங்கினால் ஒரு கணத்திற்கு மின்னழுத்தம் பல மடங்காகத் துள்ளி டயோடுகளையும் ரேடியோவையும் இக்னிஷன் பெட்டியையும் எரித்துவிடலாம். கோளாறு இல்லாத கார் இந்தச் சோதனையாலேயே கோளாறாகிவிடும். முனையைக் கழற்றும்போது வரும் பொறி, கொதிக்கும் பேட்டரிக்கு மேலே வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

நான்கு அளவுகள்

முதல் அளவு, கார் இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் எஞ்சினை முடுக்கும் முன். மீட்டரை டி.சி. வோல்ட் 20 அளவில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பைப் மைனஸ் முனையிலும் வைக்க வேண்டும். வயர் கிளிப்பில் அல்ல, ஈயக் கட்டையின் மேலேயே வைக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி, 12.4 முக்கால், 12.2 பாதி. ஏறக்குறைய 10.5 காட்டினால், ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தருவதால் கணக்கு அப்படி வருகிறது. இந்த எண்ணைக் குறித்து வைக்க வேண்டும், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது அளவு, எஞ்சினை முடுக்கி, விளக்கு, ஏர்கோன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு. 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் நல்லது. எஞ்சின் சூடாகும்போது ரெகுலேட்டர் அளவைச் சற்றுக் குறைப்பது இயல்பு. பினாங்கு வெயிலில் நன்றாக ஓடிச் சூடான காரில் 13.6 வந்தாலும் பயப்பட வேண்டாம். குளிர்நாட்டுக் கையேடுகளில் 14.8 வரை சரி என்று எழுதியிருக்கலாம். அது பனிக்காலக் காலை நேரத்திற்கான எண். இங்கே சூடான எஞ்சினில் 14.8 நிலையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும், 15ஐத் தாண்டினால் கோளாறு உறுதி.

மூன்றாவது அளவுக்கு இன்னொருவர் துணை வேண்டும். அவர் ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தி எஞ்சினை நிமிடத்திற்கு 2,000 முதல் 2,500 சுற்றில் வைத்திருக்கும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும். நல்ல காரில் எண் கொஞ்சம் ஏறி நின்றுவிடும்.

நான்காவது, அதே வேகத்தில் ஹெட்லைட், ஏர்கோன் காற்றாடி, பின்கண்ணாடிச் சூடாக்கி எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பது. மின்னழுத்தம் சற்று இறங்க வேண்டும், ஆனால் 13.5க்குக் கீழ் போகக்கூடாது.

எண்கள் சொல்லும் கதை

வேகம் கூடக் கூட மின்னழுத்தமும் கூடிக்கொண்டே போனால், அதாவது ஐட்லிங்கில் 14.3, கொஞ்சம் மிதித்தால் 15.5, இன்னும் மிதித்தால் 17 என்று ஏறினால், கட்டுப்பாடு அறவே இல்லை. மிதவைக் குழாய் திறந்தபடி சிக்கிவிட்டது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, ரோட்டாருக்கு முழு மின்சாரமும் இடைவிடாமல் போகிறது. இந்தக் காரை மேலும் ஓட்டக்கூடாது.

இதற்கு மாறாக, எந்த வேகத்திலும் 15.3 அல்லது 15.4 என்று ஒரே எண்ணில் உறுதியாக நின்றால், ரெகுலேட்டர் வேலை செய்கிறது. தவறான இலக்கைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. ஆல்டர்னேட்டரை மாற்றிப் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பழைய ஜப்பானிய வகை ஆல்டர்னேட்டர்கள் பலவற்றின் பின்புறம் ஒரு தடித்த வயரோடு, இரண்டு அல்லது மூன்று முனை கொண்ட சிறிய சொருகி ஒன்றும் இருக்கும். தடித்தது பேட்டரிக்குச் சார்ஜ் கொண்டுபோகும் 'பி' வயர். சொருகியில் 'எல்' முனை மீட்டர் போர்டு விளக்கிற்கு, 'ஐஜி' இருந்தால் அது சாவியில் இருந்து வருவது, 'எஸ்' முனை பேட்டரியின் மின்னழுத்தத்தை ரெகுலேட்டருக்குச் சொல்வது. இந்த எஸ் வயரில் துருவோ தளர்ச்சியோ இருந்தால் வழியிலேயே மின்னழுத்தம் இழக்கப்படும். பேட்டரியில் 15.4 இருக்கும்போது வயரின் மறுமுனையில் 14.2தான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெகுலேட்டர் பார்ப்பது 14.2ஐத்தான், அதனால் திருப்தியாக இருக்கிறது. பாதிக்கப்படுவது பேட்டரி.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சொருகியைக் கழற்றாமல், எஞ்சின் ஓடும்போது, மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பேட்டரி பிளஸ் முனையில் வைத்து, கறுப்புக் கம்பியில் ஒரு குண்டூசியைப் பொருத்திச் சொருகியின் பின்பக்கமாக எஸ் முனையைத் தொட வேண்டும். விசிறியும் பெல்ட்டும் சுற்றுவதால் தொங்கும் துணி, சங்கிலி, கைக்கடிகாரம் எதுவும் அருகில் வரக்கூடாது. மீட்டர் காட்டும் எண்தான் வழியில் தொலைந்த மின்னழுத்தம். 0.1 அல்லது 0.2 வரை பரவாயில்லை. 1 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அந்த எண்ணை 14.2உடன் கூட்டினால், பேட்டரியில் முன்பு அளந்த எண் ஏறக்குறைய வந்துவிடும். கணக்கு ஒத்துப்போனால் ஆல்டர்னேட்டருக்கு ஒரு குறையும் இல்லை.

நான்காவது அளவில் ஹெட்லைட் போட்டதும் மின்னழுத்தம் இறங்குவதற்குப் பதில் ஏறினால், அதுவும் வயரைத்தான் காட்டிக்கொடுக்கிறது. ரெகுலேட்டருக்குத் தகவல் கொண்டுபோகும் வயரும் விளக்குக்குப் போகும் வயரும் எங்கோ ஒரே பியூஸையோ, சாவிச் சுவிட்சையோ, இணைப்பையோ பகிர்ந்துகொள்கின்றன. அந்த இடம் சூடாகி மின்னழுத்தத்தை விழுங்குகிறது. இருபது ஆண்டு தேய்ந்த சாவிச் சுவிட்சும், கறுத்துப்போன பியூஸ் பெட்டியும் இதற்குப் பேர் போனவை. மின்னழுத்தத்தைச் சாவி வழியாகவே பார்க்கும் வகைகளில் முதலில் சோதிக்க வேண்டியதும் இவற்றைத்தான்.

கடற்காற்றும் ஈரமும் கலந்த தீவில் செம்பு முனைகள் பச்சை பூப்பது இயல்பு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் ஏராளமான கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அப்படி நனைந்த கார்களில் இருக்கை, தரைவிரிப்பு எல்லாம் மாற்றியிருந்தாலும், வயர் உறைக்குள் ஏறிய ஈரம் ஆண்டுகள் கழித்தும் தன் வேலையைக் காட்டும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவோர் ஆல்டர்னேட்டர் சொருகியைக் கழற்றி முனைகளின் நிறத்தைப் பார்ப்பது, பாலிஷ் போட்ட பெயிண்ட்டைப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும்.

மூன்றாவது கதை ஒன்றும் உண்டு. நான்கு அளவுகளும் சரி, 14.2 நிலையாக நிற்கிறது, ஆனால் பேட்டரி கொதிக்கிறது, நாறுகிறது. இங்கேதான் காலையில் குறித்த முதல் எண் உதவுகிறது. அது 10.5 என்றால், ஆறு அறைகளுக்கான 14.2 வோல்ட்டை ஐந்து அறைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஓர் அறைக்கு 2.84 வோல்ட். 2.4ஐத் தாண்டினாலே தண்ணீர் வாயுவாகப் பிரியத் தொடங்கும். ஆக, கொதிப்பதற்குக் காரணம் பேட்டரி, ஆல்டர்னேட்டர் அல்ல. இந்த நிலையில் ஆல்டர்னேட்டர் ஓய்வில்லாமல் முழு மூச்சில் ஓடுவதால், செத்த பேட்டரியை வைத்துக்கொண்டே நாள் கடத்தினால் நல்ல ஆல்டர்னேட்டரும் எரியும்.

எர்த் வயர் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே இருக்கும் கார்களில், எஞ்சின் எர்த் கெட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் குறையும், கூடாது. டாட்சன் 120ஒய் போன்ற மேலும் பழைய கார்களில் ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக எஞ்சின் அறையில் திருகப்பட்டிருக்கும். அந்தப் பெட்டியின் எர்த் துருப்பிடித்தால் அது மின்னழுத்தத்தைக் குறைவாகக் கணித்துச் சார்ஜைக் கூட்டிவிடும். அப்படிப்பட்ட காரில் முதல் வேலை, பெட்டியைக் கழற்றி அடியில் உள்ள துருவை மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. பல நேரம் அதோடு முடிந்துவிடும்.

வழியில் தெரிய வந்தால்

இரவில் கூலிம் பக்கம் இருந்து திரும்பும்போது ஹெட்லைட் கண்ணைக் கூசும் அளவு எரிந்து, காருக்குள் முட்டை நாற்றம் வந்தால், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மின்சாரத்தை விழுங்கும் சாதனங்களை எல்லாம் போட்டுவிட்டு, எஞ்சின் சுற்று கூடாமல் மெதுவாக ஓட்டிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் உடனே பேட்டரி முனையைத் தொடாமல், பானெட்டைத் திறந்து வாயு கலையக் காத்திருக்க வேண்டும்.

சிலர் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிவிடலாம் என்பார்கள். பல பழைய கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. கழற்றினால் சில கிலோமீட்டரில் எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் சிறிய சொருகியைப் பிடுங்கினால் சில வகைகளில் சார்ஜ் நின்றுவிடும், ஷார்ட் ஆன ரெகுலேட்டரில் நிற்காமலும் போகலாம். மீண்டும் முடுக்கி மீட்டரில் பார்த்தால்தான் தெரியும். சார்ஜ் நின்றால் பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்துப் பகலில் பக்கத்துப் பட்டறை வரை போகலாம். இரவில் இரண்டு ஹெட்லைட்டும் எரிய, கஞ்சிலுக்குப் போடும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் கொதித்து நொந்துபோனது, ஒரு மணி நேரம் தாங்கும் என்றுகூட நம்ப முடியாது. இழுவை வண்டியை அழைப்பதே புத்திசாலித்தனம், பாலம் ஏறும் முன் என்றால் இன்னும் நல்லது.

எதை மாற்றுவது

எஸ் வயர் கெட்டது என்றால், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிப் புதிய முனை போடலாம். முழு வயரும் கறுத்திருந்தால், பேட்டரி பிளஸில் இருந்து சிறிய பியூஸ் வைத்துப் புதிய வயர் இழுப்பதே மேல். பியூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். வயரும் முனையும் சில வெள்ளியில் முடியும் வேலை.

ரெகுலேட்டர்தான் என்றால், முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றும் முன், கட்அவுட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று வயரிங் கடையில் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் வகைகளுக்குப் பெரும்பாலும் தனியாகக் கிடைக்கும். கார்பன் பிரஷ்ஷையும் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம், இரண்டாம் முறை கழற்றும் கூலி மிச்சம்.

ஹாஃப்-கட் கடைகளில் இருந்து ஆல்டர்னேட்டர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டும் துளைகள் பொருந்துகின்றன என்பதற்காகச் சொருகியின் முனைகளும் அதே வரிசையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எஸ் இருக்க வேண்டிய இடத்தில் எல் வந்தால், ரெகுலேட்டர் விளக்கு வயரைப் பார்த்துக்கொண்டு சார்ஜ் செய்யும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முனைகளின் குறிகளை ஒப்பிட்ட பிறகே மாட்டச் சொல்ல வேண்டும். ரீகோண்ட் என்றாலும் சரி, பணம் கொடுக்கும் முன் பட்டறை வாசலிலேயே இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அளவுகளை எடுத்துக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், மீட்டரை அவரே எடுத்து வருவார்.

பழுது நீங்கிய பிறகு பழைய பேட்டரியை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. மூடி உள்ள வகை என்றால், தகடுகள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவு மட்டும் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் விட்டு, நிறைய சார்ஜ் ஏறிய பிறகு கோடு வரை நிரப்பலாம். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கூடாது. ஆசிட்டும் ஊற்றக்கூடாது, ஆவியானது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மறுநாள் காலை 12.4க்கு மேல் நின்று, எஞ்சினையும் சோர்வில்லாமல் சுழற்றினால் இன்னும் சில காலம் ஓடும். உப்பிப்போன எம்.எஃப். பேட்டரிக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கக்கூடாது. அதைக் குப்பையில் வீசாமல் பேட்டரி கடையிலேயே கொடுத்துவிட்டால், புதியதன் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். புதியது போட்ட ஒரு வாரம் கழித்து, நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, சூடான எஞ்சினில் இன்னொரு முறை அளந்து பார்த்துவிட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடானதும் கட்டுப்பாட்டை இழக்கும் ரெகுலேட்டர்களும் இருக்கின்றன.